ஒத்தார் துணை: உளநலம் பேணுதலில் தோழமையின் பங்கு

மணிமேகலை கற்றோர் ஆபுத்திரனை மறவார். சிந்தாதேவி அளித்த அமுதசுரபியைக் கையிலேந்தி, மதுரை மாநகரிலே பசித்தோர்க்கெல்லாம் உணவூட்டியவன் அவன். பின்னர் நாட்டில் மழை வளம் பெருகிப் பசியென்பதே இலதாக, அவன் பாத்திரத்தை நாடி வருவார் இல்லாது போயினர். பசித்தோரைத் தேடிச் சாவக நாடு செல்லக் கலம் ஏறினான். கலம் இடையிலே மணிபல்லவத்தில் தங்கியபோது அவன் கரையிறங்கினான்; அவன் மீண்டும் ஏறிவிட்டான் என்றெண்ணி மாலுமிகள் கலத்தைச் செலுத்திவிட்டனர். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கையில் இருந்தும், அதனை ஏற்பார் ஒருவரும் இல்லாத தீவிலே அவன் தனியனானான். பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டான். தனிமையிலேயே அவன் வாழ்வும் முடிந்தது. மணிபல்லவம் என்பது நம் நயினாதீவே எனக் கொள்வாரும் உளர். அதனாலே இக்கதை தீவகத்தாராகிய நமக்குச் சற்று நெருங்கிய கதையாகும்.

மனநோயுற்ற ஒருவனுடைய நிலையும் ஏறத்தாழ இத்தகையதே. வீட்டார் அவனுக்கு உணவு தருகின்றனர். வைத்தியர் மருந்து தருகின்றார். அயலாருட் சிலர் இரக்கந் தருகின்றனர். வேறு சிலர் ஏளனந் தருகின்றனர். எல்லாரும் அவனுக்குத் தருவோரே. அவனிடமிருந்து பெறுவோர் ஒருவரும் இலர். தான் பட்ட துன்பத்திலிருந்து அவன் கற்ற பாடம் பிறர் ஒருவர்க்கு உதவக்கூடும் என எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்பாடத்தை வீணாக விடாது, அதே துன்பத்தில் இன்று உழல்வோர்க்குப் பயன்படச் செய்யும் முறை ஒன்று உலகின் பல பாகங்களிலும் வளர்ந்து வருகின்றது. அதனையே 'ஒத்தார் துணை' என்னும் பெயரால் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

ஒத்தார் துணையாவது யாது?

ஒத்தார் என்றது ஈண்டு வயதால் ஒத்தாரையோ, குலத்தால் ஒத்தாரையோ அன்று. பட்ட துன்பத்தால் ஒத்தாரையே குறித்தது. மனச்சோர்வு, பெருங்கலக்கம், சித்தம் பேதலித்தல், மதுவுக்கு அடிமைப்படுதல் முதலியவற்றுள் ஒன்றுக்கு ஆளாகி, சிகிச்சை பெற்று, தேறி வாழ்கின்ற ஒருவர், அதே நிலையில் உள்ள மற்றொருவர்க்கு அருகிருந்து செய்யும் உதவியே ஒத்தார் துணை. உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டிலே வெளியிட்ட வழிகாட்டி நூல்களுள் இதற்கென்றே ஒன்று உண்டு. 'சகபாடி' என்னும் சொல் நம் கல்லூரி வாழ்க்கையிற் பழகிய சொல். ஒரே பாடத்தை உடனிருந்து படித்தவன் சகபாடி. துன்பம் என்னும் பாடத்தை நமக்கு முன்னர்ப் படித்து முடித்த சகபாடியே இங்குக் கூறப்படும் துணைவன் எனலாம்.

இவ்வுதவியை வைத்தியர் செய்யும் உதவியோடும், உளவளத்துணையாளர் செய்யும் உதவியோடும் ஒன்றாக்கிக் குழப்புதல் கூடாது. வைத்தியர் நோயை அறிந்தவர். உளவளத்துணையாளர் கேட்கும் கலையைப் பயின்றவர். ஒத்தவரோ அந்நோயை உடலாலும் உள்ளத்தாலும் பட்டறிந்தவர். மூவர் அறிவும் மூவகை. ஒன்றின் இடத்தை மற்றொன்று நிரப்பாது.

முன்னோர் கண்ட வழி

இம்முறை புதியதெனத் தோன்றினும் இதன் வேர் பழையது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே, பாரிஸ் நகரின் பிசேத்திர் மருத்துவமனையில், சான் பத்தீஸ்த் புசேன் என்னும் ஒருவர் மனநோயாளர் பகுதியை மேற்பார்வை செய்து வந்தார். அவர் தோல் பதனிடும் தொழிலாளியாயிருந்து, கழலை நோயினால் அதே மருத்துவமனையில் நோயாளியாகச் சேர்ந்தவர். அது மனநோய் அன்றாயினும், நோயாளியாய்ப் படுத்திருப்பதன் அவலம் அவர் அறிந்தது. நோய் நீங்கித் தேறியவர்களையே அவர் பணியாளராக அமர்த்தினார். இத்தகையோர் கொடுமை செய்யார் என்பது அவர் கண்ட உண்மை. 1793 இல் அங்கு வந்த வைத்தியர் பினெல் இதனைக் கண்டு வியந்து போற்றினார். 1797 இல் அம்மருத்துவமனையிலே நோயாளரைப் பிணித்திருந்த சங்கிலிகளை நீக்கத் தலைப்பட்டவரும் புசேனே. சங்கிலி அறுத்த பெருமையை வரலாறு நெடுங்காலம் பினெலுக்கே கொடுத்து வந்தது.

அமெரிக்காவிலே கிளிபர்ட் பியர்ஸ் என்பவர் சில ஆண்டுகள் மனநோய் நிலையங்களில் அடைபட்டிருந்து மீண்டு, தாம் பட்டதை 1908 இல் நூலாக எழுதினார். அடுத்த ஆண்டிலேயே உளநலத்துக்கான தேசிய இயக்கம் ஒன்று அந்நூலின் பயனாக அங்கு எழுந்தது. நோயாளியின் குரலும் கேட்கத்தக்க குரலே என்பதை உலகம் உணரத் தொடங்கியது இதன் பின்னரே.

1935 ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்று இவற்றினும் சிறந்த படிப்பினை தருவது. பில் வில்சன் என்னும் பங்கு வணிகர் குடியை விட்டுச் சில திங்களே ஆகியிருந்தன. ஒகாயோ மாநிலத்து அக்ரன் நகருக்குச் சென்ற இடத்தில் அவர் மேற்கொண்ட வியாபார முயற்சி தோல்வியுற்றது. தங்கியிருந்த விடுதியில் மதுச்சாலையின் ஒலி அவரை அழைத்தது. அந்நேரத்தில் அவர் தேடியது வைத்தியரை அன்று, மதகுருவின் போதனையையும் அன்று. தம்மைப் போலக் குடியால் அல்லலுறும் இன்னொருவரையே. பிறனொருவனுக்குத் தன் கதையைச் சொன்னாலன்றித் தான் அன்று தப்ப முடியாதென அவர் உணர்ந்தார். தொலைபேசி வாயிலாகத் தேடி அறிமுகம் பெற்றுச் சந்தித்தவர், ரொபேட் ஸ்மித் என்னும் அறுவை வைத்தியர். அவ்விருவர் உரையாடலிலிருந்தே 'பெயர் வெளியிடாக் குடிநோயாளர் சங்கம்' பிறந்து, உலகெங்கும் பரவிற்று. உதவச் சென்றவனும் உதவி பெற்றவனும் ஒருங்கே பிழைத்தனர்.

நம் பக்கத்து முயற்சிகளையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். சென்னையிலே வைத்தியர் சாரதா மேனன் அவர்கள் 1984 இல் மனச்சிதைவு நோய்க்கான ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார்கள். அந்நகரிலே அத்தகைய நோயாளரின் குடும்பத்தினர் ஒன்று கூடி, ஒருவர்க்கொருவர் துணையாக 'ஆஷா' என்னும் சங்கத்தை 1980களின் இறுதியில் அமைத்தனர். நோயாளியைப் போலவே அவனைப் பேணும் தாயும் தனிமைப்படுகின்றாள். அவளுக்கும் ஒத்தார் வேண்டும் என்பதை அவர்கள் காட்டினர். இலங்கையிலே 1974 இல் தொடங்கப்பெற்ற சுமித்ரயோ சங்கம், வாழ்வில் வெறுப்புற்றோர் பேசுவதைப் பொறுமையுடன் கேட்டற்கெனத் தொண்டர்களைப் பயிற்றியது. இத்தொண்டர் எல்லாரும் நோயுற்றுத் தேறியோர் அல்லர்; ஆயினும் பட்டம் பெறாத சாதாரண மனிதன் பக்கத்திலிருந்து கேட்பதற்கும் ஓர் ஆற்றல் உண்டென்பதை அச்சங்கம் இந்நாட்டில் நிலைநாட்டிற்று.

துணை செய்யும் வகை

ஒத்தவர் துணை எவ்வாறு பயன் தருகின்றது? நான்கு வகையாக எனலாம்.

முதலாவது, நம்பிக்கை. 'நீ தேறிவிடுவாய்' என வைத்தியர் கூறுவது வாக்கு. தேறிய ஒருவன் முன்னே வந்து அமர்வது சான்று. அவன் வேட்டி உடுத்து, தலைவாரி, தன் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசுவதைக் காணும் நோயாளிக்கு, தானும் அவ்விடம் சேர ஒரு வழி உண்டென்பது விளங்குகின்றது.

இரண்டாவது, நாணம் நீங்குதல். காதில் குரல் கேட்கின்றது என்பதை வைத்தியரிடம் கூற அஞ்சுவோர் பலர். 'எனக்கும் கேட்டது, இரவில்தான் கூட' என்று மற்றொருவர் கூறிய மாத்திரத்தே அவர் வாய் திறக்கின்றார்.

மூன்றாவது, நடைமுறை அறிவு. மருந்து உண்ணத் தொடங்கிய சிலருக்குக் கை நடுங்கும், வாய் உலரும், உடல் பருக்கும், பகலில் உறக்கம் வரும். இவற்றுக்கு அஞ்சியும், சற்றுச் சுகம் கண்டவுடன் இனி வேண்டாமென்றும் மருந்தைத் தாமே நிறுத்துவோர் மிகுதி. நோய் மீண்டும் வருதற்கு அதுவே பெருங்காரணமாகின்றது. 'நானும் அப்படித்தான் நிறுத்தினேன், நிறுத்திப் பட்டேன். கை நடுக்கத்தைக் கிளினிக்கில் சொல்லு, அளவை மாற்றித் தருவார்கள்' என்று ஒத்தவர் கூறும் ஒரு வார்த்தை நீண்ட அறிவுரையினும் உறைக்கும்.

நான்காவது, உதவுவோன் தானும் நலம் பெறுதல். பிராங்க் றீஸ்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 1965 இல் இதனை ஒரு கொள்கையாகவே எடுத்துரைத்தார். பிறர்க்கு உதவுமிடத்து, தான் சுமையன்று, பயனுடையவனே என்னும் எண்ணம் ஒருவனுக்கு மீள்கின்றது. ஆபுத்திரனுக்கு மணிபல்லவத்தில் கிடையாதது இதுவே.

ஆய்வாளர் கண்டவை

நல்லெண்ணம் மட்டும் சான்றாகாது. ஆராய்ந்தவர் கண்டதையும் கேட்டல் வேண்டும். இங்கிலாந்திலே, கடும் மனக்கலக்கத்திற்குச் சிகிச்சை பெற்று வெளியேறிய 441 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2018 இல் வெளிவந்தது. ஒத்தவர் துணையோடு தம்மைத் தாமே பேணும் பயிற்சி பெற்றவருள் ஓராண்டினுள் மீண்டும் அவசர சிகிச்சைக்கு வந்தோர் 100 க்கு 29 பேர். அத்துணை பெறாதோருள் 100 க்கு 38 பேர். ஆயின் அந்நாட்டிலேயே 2022 இல் வெளியான வேறொரு பெரிய ஆய்வு, மருத்துவமனைக்கு மீண்டும் சேர்தலைக் குறைப்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதனையும் காணவில்லை. ஆகவே இது கைகண்ட ஒரே மருந்தென முழங்குதல் பொருந்தாது. யாருக்கு, எவ்வகையில், எத்துணைப் பயிற்சியோடு செய்யப்படுகின்றது என்பதைப் பொறுத்தே பயன் அமையும்.

ஆபிரிக்காவிலே சிம்பாப்வே நாட்டு உளமருத்துவர் டிக்சன் சிபாண்டா கண்ட வழி நமக்கு இன்னும் அண்மையானது. மருத்துவர் அருகிய அந்நாட்டிலே, 2006 ஆம் ஆண்டு தொடக்கம், ஊர்ப் பாட்டிமாரைப் பயிற்றி, சுகாதார நிலைய முற்றத்து மர வாங்குகளில் அமரச் செய்தார். மனம் நொந்தோர் அவ்வாங்கில் வந்தமர்ந்து தம் குறையை உரைப்பர். 24 நிலையங்களில் 573 பேரைக் கொண்டு செய்த ஆய்வின் முடிவு 2016 இல் வெளிவந்தது. ஆறு திங்களின் பின் மனச்சோர்வின் குறிகள் எஞ்சியிருந்தோர், பாட்டிமார் துணை பெற்றவருள் 100 க்கு 14 பேரளவினர். வழக்கமான கவனிப்புப் பெற்றவருள் 100 க்கு 50 பேரளவினர். அப்பாட்டிமார் நோயுற்றுத் தேறியோர் என்பதினும், அதே ஊரின் துன்பங்களை உடன் பட்டவர் என்ற வகையில் ஒத்தாராவர். நம் தீவுகளிலும் வாங்குகள் உண்டு, பாட்டிமாரும் உளர்.

தீவகமும் உளநலமும்

இனி நம் நிலத்துக்கு வருவோம். 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே நிகழ்ந்த கொலைகளை நெடுந்தீவார் மறந்திலர். கடற்பயணமே அச்சமாய் மாறிய குடும்பங்கள் பல. 1990, 1991 ஆம் ஆண்டுகளிலே தீவகத்து மக்களிற் பெரும்பாலார் வீடும் வயலும் பனையும் விட்டு இடம்பெயர்ந்தனர். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தாரோடு மீண்டும் ஒருமுறை பெயர்ந்தவரும் நம்மவரே. மீண்டு வந்தபோது வீடுகள் பல கூரையிழந்து கிடந்தன. அயலார் பலர் கனடாவிலும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் இருந்தனர். கடிதமும் காசும் வந்தன. பக்கத்து வேலியில் நின்று பேசுவோர் வரவில்லை.

யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் 1998 இல் வெளியிட்ட ஆங்கில நூலிலே போர் நம்மவர் உள்ளத்தில் பதித்த வடுக்களை விரித்துரைத்தார்கள். தனி மனிதர் மட்டுமன்றி, குடும்பமும் ஊருமே காயமுற்றன என்பதைக் 'கூட்டு மனவடு' எனப் பின்னர் 2007 இல் எடுத்துக்காட்டினார்கள். நோய் தனி ஒருவனது அன்றெனில் மருந்தும் தனி ஒருவனுக்கு மட்டும் ஆகாது. உறவையும் ஊரையும் மீளக் கட்டுதலே சிகிச்சையின் பகுதி என்பது அதன் சாரம். உளவைத்தியர் மிகச் சிலரே இருந்த அக்காலத்தில், ஆசிரியரையும் ஊர்த்தொண்டரையும் பயிற்றி உளநலப் பணியிற் புகுத்திய பெருமையும் அவர்கட்கும், 1980களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் எழுந்த 'சாந்திகம்' போன்ற நிலையங்கட்கும் உரியது. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின், 2005 இல் வகுக்கப்பெற்ற தேசிய உளநலக் கொள்கையும், அங்கொடை ஒன்றையே நம்பியிராது மாவட்டந்தோறும் சிகிச்சை கிட்டவேண்டும் என்பதனை நோக்கமாகக் கொண்டது. தெல்லிப்பழையிலும் யாழ்ப்பாணத்திலும் சிகிச்சை பெற இயலும் என்பதை நம்மவருட் பலர் இன்று அறிவர்.

ஆயினும் நெடுந்தீவில் வாழும் ஒருவர் கிளினிக்குக்குச் செல்வதெனின், விடியற்காலையில் இறங்குதுறைக்கு வந்து, ஒரு மணி நேரமளவு கடலில் வந்து, குறிகட்டுவானில் பேருந்து பிடித்து, புங்குடுதீவும் வேலணையும் பண்ணையும் கடந்து யாழ்ப்பாணம் சேர்தல் வேண்டும். கடைசிப் படகு தவறின் அன்றிரவு வீடில்லை. வாடைக் காற்றில் கடல் கொந்தளித்தாற் படகே இல்லை. எழுவைதீவார், அனலைதீவார் நிலையும் இதுவே. மாதத்தில் ஒரு நாள் வைத்தியர் முகம் காணலாம். ஏனைய 29 நாட்களும் நோயாளிக்கு அருகில் இருப்பவர் யார்? இவ்வினாவுக்கு விடையே ஒத்தார் துணை.

மற்றொரு தடை கடலினும் ஆழமானது. 'விசர்' என்னும் ஒரு சொல்லால் நாம் மனிதனை மூடிவிடுகின்றோம். 'அங்கொடை' என்னும் ஊர்ப்பெயரை வசைச்சொல்லாக்கி வைத்துள்ளோம். தங்கையின் கலியாணம் குழம்பிவிடும் என்றஞ்சித் தமையனை அறைக்குள் மறைத்த வீடுகள் உண்டு. சிறு தீவிலே எல்லாரும் எல்லாரையும் அறிவர். அறிதலே அங்குக் காவலும் ஆகும், சிறையும் ஆகும்.

ஒரு நிகழ்ச்சி

இதனை எழுதும் அடியேனும் குற்றமற்றவன் அல்லேன். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர் ஒருவர் கணிதத்தில் எங்களுக்கெல்லாம் ஆசானாயிருந்தவர். இருபத்தைந்து வயதளவில் நோயுற்றார். நான் ஆசிரியனாகிப் பணிக்குச் செல்லும் நாட்களில் இறங்குதுறையில் அவரைத் தூரத்தே காண்பேன். சட்டைப் பொத்தான் மாறிப் பூட்டியிருக்கும். தமக்குள் பேசிக்கொண்டு நிற்பார். 'மச்சான்' என்று அவர் அழைக்குமுன், நான் தேநீர்க்கடைக்குள் நுழைந்துவிடுவேன். இவ்வாறு ஓராண்டன்று, பல ஆண்டுகள் கழிந்தன. என்ன பேசுவதென்று அறியேன் என்பதே நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம்.

அவரோடு பேசியவர் நானும் அல்லேன், எங்கள் வகுப்பார் எவரும் அல்லர். பக்கத்து ஊர் மேசன் ஒருவர். அவர் தாமும் சில ஆண்டுகள் சிகிச்சை பெற்றுத் தேறியவர். ஒருநாள் படகிலே நண்பரின் பக்கத்தில் அமர்ந்து, 'தம்பி, நீரும் கிளினிக்குக்கோ? நானும் அங்கைதான். வாரும், சேர்ந்து போவம்' என்றார். அவ்வளவே. அன்று தொடங்கி மாதந்தோறும் இருவரும் ஒருங்கே சென்று ஒருங்கே திரும்பினர். மருந்துறையில் உள்ள எழுத்தை அவர் வாசித்து விளக்கினார். வேலை கிடைத்த நாட்களில் சாந்து குழைக்க நண்பரையும் அழைத்துச் சென்றார். நண்பர் முற்றுங் குணமடைந்தார் எனக் கூறேன். சில மாதங்கள் இன்னும் அவருக்குக் கடினமானவையே. ஆனால் இன்று அவர் அயற்பிள்ளைகள் சிலர்க்குக் கணிதஞ் சொல்லிக் கொடுக்கின்றார். கிளினிக் நாளில் அவரோடு மூன்றாவது ஒருவரும் படகேறுகின்றார். அவரை அழைத்துச் செல்பவர் என் நண்பரே.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். 'நீ கடைக்குள்ளே போறதைக் காணுறனான் மச்சான். உனக்கு என்ன கதைக்கிறதெண்டு தெரியாது, அதுதான்' என்றார். என் சமாதானத்தை அவரே எனக்குத் திருப்பித் தந்தபோது தலைகுனிந்தேன். இதனை எழுத இசைந்தவரும் அவரே.

எல்லையும் காப்பும்

திருவள்ளுவர் நட்பை ஓர் அதிகாரத்தோடு விட்டாரல்லர். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். ஒத்தார் துணைக்கும் இவ்வைந்தும் பொருந்தும்.

துணைசெய்ய வருபவரை ஆராய்ந்து ஏற்றல் வேண்டும். நோயுற்றிருந்தார் என்பதொன்றே தகுதியாகாது. தேறி நிலைத்திருத்தலும், கேட்கும் பொறுமையும், பிறர் மறை காக்கும் இயல்பும் வேண்டும். 'எனக்கு இப்படித்தான் சுகமாயிற்று, ஆகவே உனக்கும் இதுவே' என்று வற்புறுத்துவோர் துணையாகார். மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் ஒத்தவர்க்கு உரிமை இல்லை. அஃது வைத்தியர் கடமை. கோயில் வழிபாடும் நேர்த்தியும் மனத்துக்கு ஆறுதல் தருவன. அவற்றை மருந்தோடு சேர்த்துக் கொள்ளலாம், மருந்துக்கு மாற்றாகக் கொள்ளலாகாது.

தீ நட்பும் ஒத்தார் வடிவிலே வரும் என்பதை மறத்தலாகாது. மாலையில் கள்ளுக்கடைக்கோ சாராயக்கடைக்கோ உடன் வருபவனும் துன்பத்தால் ஒத்தவனே. இருவர் துன்பமும் அங்குக் கரைவதில்லை, பெருகுகின்றது. எத்திசையில் அழைத்துச் செல்கின்றான் என்பதே துணைவனை அறியும் உரைகல்.

மறை காத்தல் நன்று. உயிருக்கு ஆபத்து நேருமிடத்து அது தகாது. 'இனி வாழ்ந்து பயனில்லை' என ஒருவர் கூறுவாராயின், 'சாக வேண்டுமென்று நினைக்கிறீரா?' என நேராகவே கேட்கலாம். அவ்வாறு கேட்டல் அவ்வெண்ணத்தைப் புதிதாக ஊட்டும் என்பது தவறான அச்சம். கேட்டபின் அவரைத் தனியே விடாது, வீட்டாருள் நம்பத்தக்க ஒருவர்க்கு அறிவித்து, அண்மையிலுள்ள வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம். கிருமிநாசினிகளை வீட்டில் எட்டும் இடத்தில் வையாது பூட்டி வைத்தல் வேண்டும். 1995 இல் இந்நாட்டிலே நூறாயிரம் பேருக்கு 47 பேரளவில் தம்முயிரை மாய்த்துக் கொண்டனர். கொடிய நஞ்சுகளின் இறக்குமதி தடுக்கப்பெற்றபின் அடுத்த பத்தாண்டுகளில் அத்தொகை பாதியளவாகக் குறைந்தது. நஞ்சு கைக்கெட்டாது போனதால் அந்த ஒரு கொடிய வேளையைக் கடந்து உயிர் வாழ்ந்தோர் பல்லாயிரவர் என்பது இதனாற் புலனாகும்.

துணைசெய்வோரும் களைத்துப் போவர். பிறர் துன்பம் கேட்கக் கேட்கத் தம் பழைய துன்பம் கிளர்தலும் உண்டு. ஆதலின் அவர்க்கும் பயிற்சியும், ஆறியிருந்து பேச ஓர் உளவளத்துணையாளரும் வேண்டும். படகுக் கூலியும் நாட்கூலியும் இழந்து அவர் செய்யும் பணியை இலவசமாகவே பெற்றுக்கொண்டிருத்தல் அறமன்று. ஒத்தார் உளர் என்பதால் வைத்தியரை அனுப்பாது விடலாமென அரசினர் கருதுதலும் பொருந்தாது.

நாம் செய்யத்தக்கன

விழா மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவர் முதலிற் பார்ப்பது தம் வகுப்புப் படத்தையே. நின்றவர், இருந்தவர், வலமிருந்து இடம் எனப் பெயர்களை வாசித்து மகிழ்வோம். இம்முறை மற்றொன்றும் செய்வோம். அப்படத்திலே இருந்து இன்று நம் கூட்டங்களுக்கு வராத முகம் எது எனத் தேடுவோம். இறந்தாரும் தூரதேசம் சென்றாரும் போக, ஊரிலேயே இருந்தும் வராதவர் ஒருவர் பெரும்பாலும் இருப்பார். அவர் படலையைச் சென்று தட்டுதலே முதற்பணி. என்ன பேசுவதென்று அறியேம் என்பது தடையாகாது. 'எப்படி மச்சான் இருக்கிறாய்?' என்பது போதும்.

வெளிநாட்டிலுள்ளோர் கட்டடத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் உதவி வருவதை நன்றியோடு நினைகின்றோம். கிளினிக்குக்குச் செல்லும் நோயாளிக்கும் அவரோடு செல்லும் துணைவர்க்கும் படகுக் கூலி, பேருந்துக் கூலி, மதிய உணவு என்பவற்றுக்கு ஒரு சிறு நிதியை ஒதுக்குவோமாயின், அது கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டடமாகும். தொரன்றோவிலும் பாரிஸிலும் பனிக்காலத்து அறைகளில் தனித்திருக்கும் நம்மவர்க்கும் இதே துணை வேண்டும். தொலைபேசி அதற்கு உதவும்.

ஆசிரியராகிய நாம், நன்றாகப் படித்த மாணவன் திடீரெனப் பின்தங்கும்போது பிரம்பை நினையாது, அவன் இரவில் உறங்குகின்றானா என வினவப் பழகுதல் வேண்டும். மாணவ நண்பர்களே, உங்கள் சகபாடியின் மாற்றத்தை ஆசிரியர்க்கு முன்னரே அறிபவர் நீங்கள். ஒருவன் விளையாட வராது ஒதுங்கினால், ஒருத்தி உணவுப் பொதியைப் பிரிக்காமலே மூடி வைத்தால், பக்கத்தில் போயிருங்கள். பட்டப்பெயர் வைத்து அழையாதீர்கள். சுமை உங்களுக்கு மிகுதியாயின் பெரியவர் ஒருவரிடம் கூறுங்கள். அது காட்டிக்கொடுத்தல் ஆகாது.

தொடங்கிய கதையை முடித்து அமைவேன். ஆபுத்திரன் பொய்கையில் விட்ட பாத்திரம் அங்கேயே அழிந்துபோகவில்லை. ஆண்டுக்கொரு முறை வைகாசி விசாக நாளிலே நீர்மேல் தோன்றி மறைந்து வந்தது. இறுதியில் அது சேர்ந்தது மணிமேகலையின் கையை. அவளும் அத்தீவுக்குத் தானாக வந்தவள் அல்லள். உறங்கும்போது கொணரப்பட்டு, விழித்தெழுந்து, அறியாத கரையிலே தனித்து நின்று அழுதவளே. தனிமைப்பட்ட ஒருவன் விட்ட பாத்திரத்தைத் தனிமைப்பட்ட மற்றொருத்தி எடுத்தாள். அதன் பின்னரே அது மீண்டும் ஊர்ப்பசி தீர்த்தது.

நம் தீவுகளிலும் அத்தகைய பாத்திரத்தைக் கையில் வைத்திருப்போர் உளர். நாளைக் காலை இறங்குதுறையில் அவருள் ஒருவர் நிற்பார். தேநீர்க்கடைக்குள் நுழையாது அவர் அருகிற் செல்வோமாக.